பாடும் மக்களும் பெட்டி வாசிப்போரும்

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில், பாடகர் குழுவின் இசைக்கருவியாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி ஆண்டில் கோவில் கட்டியவர்களை நினைக்கிறோம். கொடிமரம் நட்டவர்களை நினைக்கிறோம். தேர் செய்தவர்களை நினைக்கிறோம். பீடத்துக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து பெட்டி வாசிக்கும் எங்களையும் நினைத்து, பேசுவதற்கு இடம் கொடுத்தீர்கள். நன்றி. முன்பு ஆர்மோனியம், இப்போது மின்சாரக் கீபோர்டு. இரண்டையும் நம் தாய்மார்கள் ‘பெட்டி’ என்றே சொல்கிறார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம். திருப்பலியில் இந்தப் பெட்டிக்கு என்ன வேலை, எது வேலை இல்லை என்பதைப் பங்கு மக்கள் எல்லாருடனும் சேர்ந்து சிந்திக்கவே இந்த உரை.

நம் ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை; ஆனால் வெளியூரிலிருந்து வந்திருப்போருக்காகச் சொல்கிறோம். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களில் இன்று யார் வலை கட்டுவது, நாளை யார் கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதே பாடு. ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுப்பது பெரிய தவறு. பாடு உள்ளவர், பாடு இல்லாதவர் என்ற வேறுபாடும், அதனால் வந்த மனத்தாங்கலும் வழக்கும்கூட இந்த ஏரிக்கரை அறிந்ததே.

‘பாடு’ என்ற அதே சொல்லுக்குத்தான் ‘பாட்டுப் பாடு’ என்பதும் பொருள். ஆண்டவர் நமக்காக அடைந்த வேதனைகளையும் ‘திருப்பாடுகள்’ என்றே சொல்கிறோம். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எங்கள் வேலை என்ன என்பது தெளிவாகிறது. ஆண்டவர் தம் பாடுகளால் நமக்குப் பெற்றுத் தந்த திருப்பலியில், பாடுகிற பாடு மக்கள் எல்லாருக்கும் உரியது. அங்கே பாடு இல்லாதவர் என்று ஒருவரும் இல்லை. திருமுழுக்குப் பெற்ற அன்றே ஒவ்வொருவருக்கும் அந்தப் பாடு வந்துவிட்டது. பெட்டி வாசிப்பவரும், பாடகர் குழுவும், ஒலிபெருக்கியும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் சொல்லவந்தது இந்த ஒன்றுதான்.

இது எங்கள் சொந்தக் கருத்தா என்று கேட்கலாம். இல்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, இறைமக்கள் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் பங்குபெறுவது திருமுழுக்கினால் வந்த உரிமை என்றும் கடமை என்றும் கற்பிக்கிறது. அதற்கு முன்பிருந்த காலம் நம் முதியோர் சிலருக்கு நினைவிருக்கும். லத்தீன் பூசையில் குரு பீடத்தில் செபிப்பார், பயிற்சி பெற்ற சிலர் லத்தீனில் பாடுவார்கள், மக்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். தமிழ்ப் பாட்டு நவநாளிலும், தேர்ப் பவனியிலும், வீட்டுச் செபத்திலும் உயிரோடு இருந்தது. சங்கம் அந்தப் பாட்டைப் பீடத்தருகே கூட்டி வந்தது.

கருவிகளைப் பற்றித் திருச்சபை சொன்னதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. இசைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், புனித பத்தாம் பயஸ் பாப்பரசர் திருவழிபாட்டு இசைபற்றி ஒரு கட்டளை வெளியிட்டார். அதில் கோவிலுக்குள் பியானோ வாசிக்கக் கூடாது என்று தடை விதித்தார். மேளம், தாளம் போன்ற இரைச்சலான கருவிகளையும் விலக்கினார். அந்நாளில் இத்தாலியக் கோவில்களில் நாடக மேடைச் சங்கீதம் புகுந்து செபத்தை மறைத்ததே அதற்குக் காரணம். அறுபது ஆண்டு கழித்துச் சங்கம், குழாய் ஆர்கனுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டு, அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபையும், வழிபாட்டுக்குத் தகுதியான மற்றக் கருவிகளையும் ஏற்றுக்கொள்ள வழி திறந்தது. பிறகு 1967ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் வந்த அறிவுரை ஏடு இன்னும் தெளிவாகப் பேசியது: கருவி பாடுகிறவர்களின் குரலைத் தாங்க வேண்டும், பாட்டின் சொற்களை மூடக் கூடாது, குரு தமக்குரிய பகுதியை உரக்கச் சொல்லும்போதும் பாடும்போதும் கருவி மௌனமாக இருக்க வேண்டும். ஆகவே தடை வந்ததும் அனுமதி வந்ததும் ஒரே காரணத்துக்காகவே. செபத்துக்கு எது துணை, எது இடைஞ்சல் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி நம் பழவேற்காட்டு மண்ணுக்கும் அந்நியமானதன்று. 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் மகிமை மாதா திருத்தலம் நம் ஏரிக்கரையில் நிற்கிறது. போர்த்துகீசியருக்குப் பின் டச்சுக்காரர் வந்தார்கள். 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. அந்த டச்சுக்காரரின் தாய்நாட்டிலே அதே காலத்தில் என்ன வழக்கு நடந்தது தெரியுமா? கோவில் ஆர்கன் வாசிக்கலாமா கூடாதா என்பதே! அங்கே சீர்திருத்தச் சபையின் மன்றங்கள் 16ஆம் நூற்றாண்டில் ஆர்கன் வேண்டாம் என்றன. மக்கள் கருவியின்றித் திருப்பாடல்களைப் பாடினார்கள். ஆனால் பெருங்கூட்டம் துணையின்றிப் பாடும்போது சுருதி கலைந்தது, ஒருவர் ஒரு பக்கம், மற்றவர் மறு பக்கம் இழுத்தார்கள். கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் என்னும் கவிஞர் 1641ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, மக்களுடைய பாட்டை நேர்படுத்த ஆர்கன் துணை வாசிக்க வேண்டும் என்று வாதாடினார். வேறு சபை, வேறு மொழி. ஆயினும் மக்கள் ஒன்றுகூடிப் பாடும் இடமெல்லாம் எழும் கேள்வி அது. துணை இல்லாவிட்டால் பாட்டு சிதறும். துணை மிஞ்சிவிட்டால் பாட்டு அடங்கிவிடும்.

இனி நம் பெட்டியைப் பார்ப்போம். பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1840களில் ஆர்மோனியத்துக்கு உரிமம் பெற்றார். அது காலால் மிதிக்கும் கருவி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் வைத்து ஒரு கையால் துருத்தி அழுத்தி மறு கையால் வாசிக்கும் பெட்டியாக மாற்றினார். விலை குறைவு, தூக்கிச் செல்லலாம், சுருதி எளிதில் கலையாது. குழாய் ஆர்கனைக் கனவிலும் காண முடியாத குப்பத்துக் கோவில்களுக்கு இந்தச் சிறு பெட்டியே ஆர்கன் ஆயிற்று.

ஆனால் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. அதில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். அவை வெட்டி வைத்ததுபோல் நிற்கும். நம் பாட்டில் சுரங்கள் வளைந்து, குழைந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகும். பெட்டியின் காந்தாரமும் தம்புராவில் கேட்கும் சுத்தமான காந்தாரத்தைவிட ஓர் இழை கூடுதலாகவே ஒலிக்கும். இந்தக் காரணங்களால்தான் அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971ஆம் ஆண்டில்தான் அந்தத் தடையை ஓரளவு தளர்த்தியது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில் சுருதிகளைப் பற்றி எத்தனை நுணுக்கமாக ஆராய்ந்தார் என்பதை இசை அறிந்தோர் அறிவர். பன்னிரண்டு கட்டைக்குள் நம் இசை முழுவதும் அடங்கிவிடாது.

அதற்காகப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். பெட்டி வாசிப்பவர் தம் எல்லையை அறிந்து வாசித்தால் போதும். பாட்டின் எலும்புக்கூட்டை மட்டும் பெட்டி காட்டட்டும். குழைவையும் அசைவையும் மக்களின் தொண்டை தரட்டும். நம் பாட்டிமார் ஒரு மாதா பாட்டை இழுத்துப் பாடும்போது வரும் அந்த நெளிவை எந்தக் கட்டையிலும் தேடாதீர்கள். அவர்கள் பாடும்போது ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். அதுவே சிறந்த வாசிப்பு.

இனி, பாட்டை எப்படி அமைத்து வாசிப்பது என்பதைப் பற்றி, இளைய வாசிப்பாளர்களை முன்னிட்டுச் சில வார்த்தைகள். மற்றவர்களும் கேளுங்கள். இது தெரிந்தால்தான் நாங்கள் தவறும்போது எங்களைத் திருத்த உங்களால் முடியும்.

முதலாவது, கட்டை. பாட்டு எடுக்கும் முன் அதன் உச்சச் சுரம் எது, அடிச் சுரம் எது என்று பார்க்க வேண்டும். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து பாடும் கூட்டத்துக்கு மேலே இரண்டு கட்டை, மிஞ்சினால் இரண்டரை வரை வசதி. கீழே ஆறு கட்டைக்கு மேல் நின்றால் நல்லது. ஒரு பாட்டு மத்திய ஷட்ஜத்தில் தொடங்கி மேல் பஞ்சமம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு கட்டையில் எடுத்தால் அந்தப் பஞ்சமம் மேலே ஆறு கட்டையில் போய் நிற்கும். பயிற்சி பெற்ற நாலு பேர் தவிர மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதையே கீழ் ஐந்து கட்டைக்கு இறக்கினால் உச்சம் இரண்டு கட்டையில் அடங்கிவிடும். அடிச் சுரம் சற்றுத் தாழ்ந்தாலும் சமாளிக்கலாம். விடியற்காலைத் திருப்பலிக்கு இன்னும் அரைக் கட்டை இறக்கலாம். இரவெல்லாம் ஏரியில் கிடந்து வந்தவரின் குரல் அந்நேரம் மேலே ஏறாது. மின்சாரப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டை மாறிவிடும். அந்த வசதி மக்களுக்காக இருக்கட்டும். பாடகியின் குரல் எங்கே பளிச்சிடும் என்று பார்த்துக் கட்டை வைப்பது கச்சேரிக்குப் பொருந்தும்.

இரண்டாவது, முன்னிசை. முன்னிசையின் வேலை மூன்று: எந்தச் சுருதி, எந்த வேகம், எங்கே தொடங்குவது என்று மக்களுக்குச் சொல்வது. பல்லவியின் கடைசி வரியை ஒருமுறை வாசித்தால் மூன்றும் தெரிந்துவிடும். சினிமாப் பாட்டைப் போல் நீண்ட முன்னிசை வைத்தால், எப்போது பாட வேண்டும் என்று தெரியாமல் மக்கள் பாடகர் குழுவின் முகத்தைப் பார்ப்பார்கள். இடையிசையும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு சரணத்துக்கு இரண்டு ஆவர்த்தனம், மறு சரணத்துக்கு நாலு என்று மாற்றினால் மக்கள் தடுமாறுவார்கள். இரண்டு முறை தடுமாறியவர் மூன்றாம் முறை பாட மாட்டார்.

மூன்றாவது, ராகம். வீரமாமுனிவர் (1680–1747) இத்தாலியில் பிறந்தவர். தமிழ் யாப்பைக் கற்றுத் தமிழ்ச் சந்தத்திலேயே ‘தேம்பாவணி’ பாடினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) ராகம் தாளம் அமைத்துக் கீர்த்தனைகள் இயற்றினார். அந்த வழியில் வந்த பாடல்களுக்கு மேல்நாட்டுக் கார்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. பெட்டி பழகுகிறவர்கள் முதலில் கற்பவை மூன்று கார்டுகள்: ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி. மோகன ராகத்தில் மத்தியமமும் நிஷாதமும் இல்லை. ஆகவே இந்த மூன்றில் ச-க-ப மட்டுமே பொருந்தும். மற்ற இடங்களில் த-ச-க போடலாம்; அல்லது ப, ரி இரண்டை மட்டும் தொட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். கல்யாணிக்குப் பிரதி மத்தியமம். வழக்கமான ம-த-ச போட்டால் சுத்த மத்தியமம் ஒலித்துக் கல்யாணி மறைந்துவிடும். ரி-ம-த, ப-நி-ரி அங்கே அழகாக இருக்கும். மாயாமாளவகௌளையில் ரிஷபம் சுத்த ரிஷபம். பழக்கத்தில் ப-நி-ரி என்று கை போனால் சதுஸ்ருதி ரிஷபம் விழுந்து பாடுகிறவரை இடறிவிடும். ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது; அதற்கு ச-ப சுருதி வைக்காமல் ச-ம வைக்க வேண்டும். கார்டு தெரியாத இடத்தில் ஷட்ஜத்தை மட்டும் பிடித்திருங்கள். வெறும் சுருதியால் பாட்டுக்குக் கெடுதல் வராது.

நான்காவது, சொல். நம் மொழியில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ‘பாடு’ என்பதைக் குறுக்கினால் ‘படு’ ஆகிவிடும். ‘மலை’யை நீட்டினால் ‘மாலை’ ஆகிவிடும். மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொற்களை உட்காரவைக்கும்போது இந்த விபத்து அடிக்கடி நேரும். மெட்டை ஓர் அட்சரம் வளைத்தாவது சொல்லைக் காப்பாற்றுவதே முறை. மேலும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு வாங்க இடம் கொடுங்கள். கூட்டம் மூச்சு வாங்க, பாடகர் குழுவைவிடச் சற்று அதிக நேரம் பிடிக்கும். வலை இழுப்போருக்கு இது நன்றாகத் தெரியும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏந்திப் பாடும் அம்பாப் பாட்டு கைக்கும் மூச்சுக்கும் இடம் விட்டே நடக்கும். திருப்பலியில் பதிலுரைப் பாடல் என்று நாம் பாடுவதும் அதே முறைதான். ஒருவர் சொல்ல, எல்லாரும் ஏந்துவது கடற்கரை மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய வித்தை அன்று.

இப்போது மின்சாரப் பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதில் நூற்றுக்கணக்கான குரல்களும், பொத்தானை அழுத்தினால் தானாகவே ஓடும் தாளங்களும் உள்ளன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தானாக ஓடும் தாளம் யாருக்காகவும் நிற்காது. முதியவர் ஒருவர் கடைசிச் சொல்லை முடிக்கும் முன் அது அடுத்த வரிக்குப் போய்விடும். மக்களோடு நடக்க வேண்டிய கருவி மக்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இப்போது செல்போனில் பதிவு செய்த இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடும் வழக்கமும் வந்துவிட்டது. அங்கே வாசிப்பவரும் இல்லை, காத்திருப்பவரும் இல்லை. ஒலிபெருக்கியை உயர்த்திவிட்டால் மக்கள் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒன்றுபோலவே கேட்கும். கோவில் முழுவதும் பாட்டு நிறைந்திருப்பதாகத் தோன்றும். வாய்களைப் பார்த்தால் மூடியிருக்கும்.

ஆகவே ஓர் எளிய சோதனை சொல்கிறோம். திருவிருந்துப் பாடலின் நடுவில் ஒரு சரணத்துக்குப் பெட்டியையும் ஒலிபெருக்கியையும் நிறுத்திப் பாருங்கள். மக்களுடைய பாட்டு தொடர்ந்து கேட்டால் நாங்கள் சரியாக வாசிக்கிறோம் என்று பொருள். கோவில் அமைதியாகிவிட்டால், அவர்களுடைய பாட்டை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று பொருள்.

இந்தச் சோதனையை இயற்கையே சில வேளை நடத்திவிடுகிறது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் கரை கடந்தபோது, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அது திருவருகைக் காலம். அத்தகைய நாளில் மின்சாரப் பெட்டி வெறும் பலகை. துருத்திப் பெட்டியும், அதைவிட முக்கியமாக, பாட்டை மனத்தில் வைத்திருக்கும் மக்களும் இருந்தால்தான் வழிபாடு பாட்டோடு நடக்கும். ஆகவே பழைய ஆர்மோனியத்தை ஒதுக்கிவிட வேண்டாம் என்று பங்குப் பேரவையை வேண்டுகிறோம். உப்புக் காற்று அதன் இரும்பு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் மரக்கட்டைகள் உப்பிச் சிக்கிக்கொள்ளும். ஏரிப்பக்கச் சன்னலருகே அதை வைக்காமல், துணி போர்த்தி, தரையிலிருந்து உயர்த்தி வைத்து, வாரம் ஒருமுறையாவது வாசித்து வந்தால் பல ஆண்டு உழைக்கும்.

அடுத்து, வாசிக்காமல் இருப்பதைப் பற்றி. திருச்சபையின் ஒழுங்கில் கருவிக்கு நோன்பு உண்டு. தவக்காலத்தில், நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் தவிர, பாட்டைத் தாங்குவதற்கு மட்டுமே கருவி வாசிக்கலாம். தனியாக வாசிக்கக் கூடாது. பெரிய வியாழன் மாலை உன்னத கீதம் முடிந்தது முதல் பாஸ்கா திருவிழிப்பில் உன்னத கீதம் எழும் வரையும் அப்படியே. இறந்தோருக்கான திருப்பலியிலும் தனி வாசிப்பு இல்லை. நற்கருணை மன்றாட்டின்போது பின்னணியாக மெல்ல வாசிப்பது பக்திக்கு உதவும் என்று சிலர் எண்ணுகிறார்கள். குருவின் குரலுக்கு அங்கே துணை தேவையில்லை. நாம் கையை மடக்கிக்கொண்டு செபிக்க வேண்டிய நேரம் அது.

இந்த மௌனத்தின் பொருள் நம் கரைக்குத் தெரியும். 2004ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பின் மறுநாளான டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நம் தமிழகக் கரையில் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது! துக்கம் அவ்வளவு பெரிதாக வரும்போது கருவியின் அலங்காரம் வாய்க்கு உப்புக் கரிக்கும். அப்போது மக்களுக்குக் கைகொடுப்பது சிறு வயதிலிருந்து பாடிப் பாடி மனத்தில் ஊறிய ஓர் எளிய பாட்டுதான். அத்தகைய பாட்டு நாலு பேராவது மனப்பாடமாக அறியாத பங்கு, துன்ப நாளில் ஊமையாகிவிடும். ஞாயிறுதோறும் நாங்கள் மக்களைப் பாட வைக்க வேண்டும் என்று மன்றாடுவது அந்த நாளையும் நினைத்துத்தான்.

ஆகையால் இந்த ஜூபிலி ஆண்டில் சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஞாயிறு திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் பாட்டுப் பழகுவோம். பாடகர் குழு மட்டுமல்ல, வந்திருக்கும் எல்லாரும். மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு போதும். அதை நாலு ஞாயிறும் பாடினால் குழந்தைகளே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல் ஆகியவற்றை அழகுபடுத்துவதில் காட்டும் அக்கறையை, மக்கள் குருவுக்குச் சொல்லும் மறுமொழிகளிலும், ‘ஆமென்’ என்ற ஒரு சொல்லிலும் முதலில் காட்டுவோம். 1967ஆம் ஆண்டின் ஏடு காட்டும் வரிசையும் அதுவே: முதலில் குருவும் மக்களும் மாறி மாறிப் பாடும் பகுதிகள், அடுத்து இரக்கப் பாடல், உன்னத கீதம் போன்றவை, அதன் பின்னரே வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும்.

முதியோர் நெஞ்சில் இருக்கும் பழைய மாதா பாடல்களையும், தேர்ப் பாடல்களையும், இழவு வீட்டுச் செபப் பாடல்களையும் இளைஞர்கள் செல்போனில் பதிவு செய்துவைக்க வேண்டும். பாட்டை ஓடவிட்டுப் பாடுவதற்கு அந்தக் கருவி வேண்டாம் என்றோம். பாட்டைக் காப்பாற்றுவதற்கு அது மிக நல்ல கருவி. குப்பத்துக்குக் குப்பம் ஒரே பாட்டின் மெட்டு சற்று மாறும். எது சரி என்று சண்டை வேண்டாம். எல்லாவற்றையும் எழுதிவைப்போம், யார் பாடியது என்றும் எந்தக் குப்பம் என்றும் குறிப்போடு.

ஒரே ஒருவர் மட்டும் பெட்டி வாசிக்கத் தெரிந்த பங்கு, ஒரே ஒரு துடுப்போடு போகும் படகு. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுமாகக் குறைந்தது நாலு பேருக்காவது கற்றுக்கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். விரலைப் பழக்குவதற்கு முன் அவர்களைப் பெஞ்சில் மக்களோடு உட்காரவைத்துப் பாடச் சொல்வோம். மக்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எங்கே குரல் எழுகிறது என்று அங்கேதான் தெரியும்.

அன்புப் பெருமக்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் குரல் நன்றாக இல்லை, ராகம் தெரியாது என்று சொல்லிப் பின்வாங்காதீர்கள். ஆண்டவர் தம் சீடரைத் தேர்ந்தெடுத்தபோது குரல் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. வலையோடு நின்ற மீனவர்களை அழைத்தார். கடைசி இராவுணவுக்குப் பின் அவர்கள் புகழ்ப்பா பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போனார்கள் என்று நற்செய்தி கூறுகிறது. அங்கே பெட்டி இல்லை, மத்தளம் இல்லை. அவர் நடுவில் நின்று பாட, அந்த மீனவர்கள் கூடப் பாடினார்கள். திருப்பாடுகளுக்குப் போகும் வழியில் எழுந்த பாட்டு அது. அந்தப் பாட்டின் தொடர்ச்சியாகவே நாம் இன்றும் பாடுகிறோம்.

எங்கள் வாசிப்பு அதற்குத் துணையாக அமைய எங்களுக்காகச் செபியுங்கள். வாசிப்பு மிஞ்சும்போது, கூச்சப்படாமல் பெட்டியண்டை வந்து, ‘தம்பி, கொஞ்சம் குறைச்சு வாசி, எங்க பாட்டு எங்களுக்கே கேட்கல’ என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய பாராட்டை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

மகிமை மாதா நம் ஏரியையும், நம் வலைகளையும், நம் பிள்ளைகளின் குரல்களையும் காப்பாராக. இறைவனுக்கே புகழும் மகிமையும் உண்டாகுக!